பற்றவைத்தவள்

துருப்பிடித்த பெட்ரோல் டாங்கி ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுதான் முஸ்அப் முதல்முறை தினேஸ்வரியின் பட்டறைக்கு வந்தான். சட்டையின் முன்பக்கம் முழுக்கச் செம்பழுப்பாகியிருந்தது. டாங்கியை மேசைமேல் வைத்துவிட்டு, "இத ஒட்டித் தர முடியுமா அக்கா?" என்று கேட்டான்.

தினேஸ்வரி அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது.

"ஒட்டுறதுக்கு இதுல என்னா இருக்கு தம்பி? வெறும் துருதான். அதுவும் இல்லாம, பெட்ரோல் ஊத்துன டாங்கிய நான் பத்தவைக்க மாட்டேன். எத்தன தடவ கழுவினாலும் உள்ள ஆவி நிக்கும். நெருப்பக் காட்டினா நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்."

"அப்ப புதுசா செஞ்சு தருவீங்களா?"

"அதுக்குத்தானலா கடையத் தொறந்து வச்சிருக்கேன்."

முஸ்அப் சிரித்தான். பெண் ஒருத்தி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிற்பதைப் பார்த்ததும், "அண்ணன் இல்லையா?" என்று கேட்காத வாடிக்கையாளர்கள் குறைவு. ஈப்போவை ஒட்டிய லாஹாட்டில் அவள் பட்டறை போட்ட புதிதில் அப்படிக் கேட்டவர்களிடம், "அண்ணன் லாரி ஓட்டப் போயிருக்காரு, அவருக்கு வெல்டிங் தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அவள் கணவன் ராஜு செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அவளோ கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர் பால் தொட்டிகளைப் பற்றவைத்தே பல வருடம் கழித்தவள். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது வெளியேறி, இந்தக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். முஸ்அப் அந்தக் கேள்வியைக் கேட்காதது அவளுக்கு அவனைப் பிடித்துப்போக முதல் காரணம்.

அவன் ஈப்போவில் தன் தகப்பனார் முகமது இப்ராஹிமின் சாப்பாட்டுக்கடையைக் காலை நேரத்தில் பார்த்துக்கொள்கிறவன். மதியத்துக்குமேல் அவன் உலகம் வேறு. கடையின் பின்பக்கம் தகரக் கூரைக்கடியில் ஒரு பழைய இரண்டு கதவு டட்சன் நின்றது. எலும்புக்கூடாக வாங்கியதை நட்டு நட்டாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் தயார். மின்கம்பிகள் தயார். மிச்சம் இருந்தது பெட்ரோல் டாங்கிதான்.

அடுத்த வாரம் காரை இழுவை லாரியில் ஏற்றி வந்தான். கூடவே தங்கை அஸ்ஃபியாவும் வந்தாள். கம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண், விடுமுறைக்கு வந்திருந்தாள். காரின் பின்பெட்டிக்குள் தினேஸ்வரி இறங்கி உட்கார்ந்து, அட்டையை வெட்டி வெட்டி அளவு பார்த்தபோது, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

"எங்கண்ணன் கல்யாணமே பண்ணிக்க மாட்டாருக்கா," என்றாள், காரைக் கண்ணால் காட்டி. "இந்தக் காடியத்தான் கட்டிக்கிட்டாரு. எங்கம்மா இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க. மருமவ."

"மருமவளுக்கு வயிறுதான் சரியில்ல," என்றாள் தினேஸ்வரி, அட்டையை மடக்கிக்கொண்டே. அஸ்ஃபியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

முஸ்அப்புக்கு அலுமினிய டாங்கி வேண்டும். பளபளவென்று இருக்கும் என்றான். தினேஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. அலுமினியம் அதிர்வில், டாங்கியைக் கட்டும் பட்டை பிடிக்கிற இடத்தில் கீறல் விடும், ஸ்டெயின்லெஸ் தகடு கொஞ்சம் கனம்தான், ஆனால் ஆயுசுக்கும் கிடக்கும் என்று சொல்லி அதையே வெட்டினாள். வளைவுகளில் திரும்பும்போது பெட்ரோல் ஒரே பக்கமாகச் சாயாமல் இருக்க உள்ளே குறுக்குத் தகடுகள் வைத்தாள். மூலைகளை மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு பற்றவைத்தாள். அவளுடைய வெல்டிங் தையல் மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக ஓடும்.

எல்லா வாய்களையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது அடிப்பக்கத்து வலது மூலையில் மட்டும் ஒரே ஒரு குமிழி மெல்ல ஊதிக்கொண்டு எழுந்தது. குண்டூசி முனையளவு ஓட்டை. தேய்த்து எடுத்துவிட்டு அந்த மூலையை மறுபடி பற்றவைத்தாள். மறுபடி நுரை தடவினாள். குமிழி இல்லை. டாங்கியில் தண்ணீரை நிரப்பி, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துவைத்து, மறுநாள்வரை விட்டுப் பார்த்தாள். தாள் காய்ந்தபடியே கிடந்தது. வழக்கம்போல ஓரத்தில் தன் பட்டறையின் பெயரைச் சுத்தியலால் தட்டிப் பதித்தாள்.

டாங்கியை எடுக்க வந்தபோது முஸ்அப்பை உட்காரவைத்துச் சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்க. வெளிய எண்ணெய் ஊத்துற வாய்க்கும் டாங்கிக்கும் நடுவுல வர்ற ரப்பர் ஓசு இது. பெட்ரோலுக்குன்னே செஞ்சது. இதத்தான் மாட்டணும். ரெண்டு பக்கமும் கிளிப்பு போட்டு இறுக்கணும். பேட்டரிய பின்னால வைக்கிறேன்னு சொன்ன இல்ல, அத ஒரு பெட்டிக்குள்ள வச்சு மூடிடு. அப்பறம் இந்தப் பின்பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவுல தெறந்து கெடக்கு பாரு, அங்க ஒரு தகடு அடச்சுக்க. நானே வெட்டித் தரேன், கொண்டாந்து விடு."

"எல்லாம் செஞ்சிருவேங்க்கா. மொதல்ல ஓடுதான்னு பாத்துட்டு."

"ஓட்டிப் பாக்கிறதுக்கு முந்தி செய்."

"சரிக்கா, சரி," என்றான். புது டாங்கியைத் தடவிக்கொண்டே இருந்தான். அவள் சொன்னதில் பாதி அவன் காதில் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. கார் ஓடுகிற வீடியோ ஒன்றை மட்டும் அனுப்பினான். அவள் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, 'தகடு?' என்று கேட்டாள். பதில் வரவில்லை.

தீப்பிடித்த செய்தி ராஜு மூலமாகத்தான் அவளுக்கு வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கோப்பெங்கைத் தாண்டி வந்துகொண்டிருந்த ராஜு, சாலையில் வண்டிகள் நீளத்துக்கு நிற்பதைப் பார்த்து லாரியை ஓரங்கட்டிவிட்டு நடந்துபோய்ப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். பின்னால் ஹாரன் சத்தம்தான் முதலில் கேட்டது.

"என்னாங்க? ஹலோ?"

"தினேசு... அந்த மஞ்ச டட்சன்... நீ டாங்கி செஞ்சியே..."

விடுமுறை முடிந்த தங்கையை முஸ்அப் கம்பாருக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பியிருக்கிறான். அண்ணன் கட்டிய காரில்தான் போகவேண்டும் என்று ஆசைப்பட்டது அவள். சமிக்ஞை விளக்கில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வேன் ஒன்று முட்டியது. பெரிய மோதல் இல்லை. பின்பக்கத் தகடு கொஞ்சம் உள்ளே போனது, அவ்வளவுதான். வேன்காரன் மன்னிப்புக் கேட்க இறங்குவதற்குள் டட்சனின் பின்பெட்டியிலிருந்து தீ எழும்பி, சீட்டுகளுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்துவிட்டது. முஸ்அப் கதவைத் திறந்து விழுந்தான். அஸ்ஃபியாவின் பக்கம் ஓடினான். பந்தயக் கார்களில் இருப்பதுபோல இரண்டு தோளிலும் இடுப்பிலும் கட்டுகிற பட்டையை அவன் ஆசையாக வாங்கிப் பொருத்தியிருந்தான். அதன் பூட்டு சூட்டில் இறுகிப்போயிருந்தது. அவன் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோகும்வரை அதை இழுத்திருக்கிறான். கடைசியில் அவனைத்தான் மற்றவர்கள் இழுத்துப்போட முடிந்தது.

யாரோ எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டது. கார் எப்படிக் கட்டப்பட்டது, டாங்கி எங்கே செய்யப்பட்டது என்பதும் கூடவே வந்தது. முஸ்அப்பே முன்பு பெருமையாக அவள் பட்டறையின் பெயரைப் போட்டுப் படம் வெளியிட்டிருந்தான். அந்தப் படத்துக்குக் கீழே ஊர் முழுவதும் வந்து எழுதியது. "பொம்பள பத்தவச்சா இப்படித்தான் பத்திக்கும்" என்று ஒருத்தன் எழுதியிருந்தான். அதற்குச் சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்திருந்தன.

கதவு செய்யக் கொடுத்திருந்தவர் மறுநாளே வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை. பட்டறைக்குப் பக்கத்து டயர்கடை முதலாளியான தவுக்கே மட்டும் வந்து, பையில் கட்டிய சூடான காப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஊர் பேசியது தினேஸ்வரியை அவ்வளவாகச் சுடவில்லை. அவளைத் தின்றது அந்த வலது மூலை. சோறு பிசையும்போது, துணி காயப்போடும்போது, கண் முன்னால் அந்த ஒற்றைக் குமிழி ஊதிக்கொண்டு எழும். தேய்த்தது போதுமா? இரண்டாம் முறை பற்றவைத்தபோது உள்பக்கம் காற்றுப் படாமல் காக்கிற வாயு போதுமான அளவு ஓடியதா? சூடு அதிகமாகி அந்த இடத்தில் தகடு நொறுங்குவதுபோல ஆகியிருக்குமா? வேன் முட்டியதும் அந்த மூலை வாயைப் பிளந்திருக்குமா? அஸ்ஃபியா விழுந்து விழுந்து சிரித்ததுதான் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் யோசிக்க முடியாமல் எழுந்து போய்விடுவாள்.

"தண்ணி நெரப்பிப் பாத்தேன்னு சொன்ன இல்ல?" என்பான் ராஜு.

"தண்ணி வேற, முட்டுறது வேற."

"நீ செஞ்சதுல என்னைக்கு என்னா ஒடஞ்சிருக்கு?"

"இதுதான் மொதல்லயோ என்னமோ."

பிறகு போலீஸ் பாலாயிலிருந்து கூப்பிட்டார்கள். எரிந்த காரைப் பத்து காஜா ஊரில் போலீஸ் வண்டிகள் நிறுத்துகிற வளாகத்தில் வைத்திருந்தார்கள். போம்பா என்கிற தீயணைப்புப் படையின் புலனாய்வு அதிகாரி ஒருவர், நரைத்த மீசைக்காரர், அங்கே அவளுக்காகக் காத்திருந்தார். மலாயில் அமைதியாகப் பேசினார். டாங்கியைச் செய்தவர் என்ற முறையில் சில கேள்விகள், பயப்படாதே என்றார்.

கார் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கூடு. முன்சீட்டு இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. பின்பெட்டி மூடியை அதிகாரி தூக்கிப் பிடித்தார். டாங்கி இருந்தது. பளபளப்பு போய், நீலமும் கருப்பும் பழுப்புமாக நிறம் ஏறி, ஆனால் முழுசாக இருந்தது. தினேஸ்வரி முழங்காலிட்டுக் குனிந்து வலது மூலைக்குக் கையை விட்டாள். தையல் விரலுக்குக் கீழே செதில் செதிலாக ஓடியது. ஒரு கீறல் இல்லை. மறுபடி தடவினாள். எதிர்ப்பக்க மூலையையும் தடவினாள்.

அதிகாரி, தானும் சோதித்துவிட்டதாகச் சொன்னார். காற்றை ஏற்றிப் பார்த்தாயிற்று, டாங்கி இப்போதும் காற்றைப் பிடித்து வைக்கிறது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே கருகிய ரப்பர் துண்டு ஒன்று ஒரு கிளிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றும் வாயில் மாட்டியிருந்த முனை. டாங்கிப் பக்கத்து முனையில் கிளிப்பே இருந்ததாகத் தெரியவில்லை. இது பெட்ரோலுக்கான ஓசு இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் போகிற ஓசு. முட்டிய வேகத்தில் கழன்றிருக்கிறது, பெட்டியில்லாமல் கிடந்த பேட்டரியின்மேல் பெட்ரோல் கொட்டியிருக்கிறது. இந்த ஓசுவை மாட்டியது யார் என்று கேட்டார்.

"நான் இல்ல துவான். நான் வேற ஓசு குடுத்தேன்," என்று மலாயில் சொன்னாள்.

வாக்குமூலத்துக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். அவர் நகர்ந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. நான் இல்லை, என் கை இல்லை. அந்த நினைப்பு எழுந்த அடுத்த நொடியே, எரிந்த காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சந்தோஷப்படுகிறோம் என்று உறைத்தது. வேலி ஓரமாக நடந்து வளாகத்தைவிட்டு வெளியே போனாள்.

இரண்டொரு நாளில் முகமது இப்ராஹிம் பட்டறைக்கு வந்தார். தொப்பி போட்ட, மெலிந்த உருவம். ராஜு அன்று வீட்டில் இருந்ததால் அவனும் பட்டறைக்கு வந்திருந்தான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து முன்னால் போனான். பெரியவர் சண்டை போடவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"போம்பா ஆபிசர் எங்கிட்ட பேசினாரும்மா. டாங்கி நல்லாத்தான் இருக்காம்."

"ஆமா அங்கிள்."

"ஓசுதானாம். அத மாட்டினது யாருன்னு கேக்குறாரு." பெரியவர் தரையைப் பார்த்தார். "முஸ்அப்புக்கு இன்னும் தெரியாது. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, உன் டாங்கிதான் வெடிச்சதுன்னு உன்னையத் திட்டிக்கிட்டே கெடக்குறான். அந்தக் கோவத்துலதான் அவன் உசிர் ஒட்டிக்கிட்டு இருக்கு. தன் கையால போட்ட ஓசுதான்னு தெரிஞ்சா..."

பெரியவர் தலையை நிமிர்த்தினார்.

"நீ அத மாட்டிக் குடுத்தேன்னு சொல்லும்மா. இங்க வச்சு நீதான் மாட்டினன்னு ஒரு வார்த்த."

"என்னா பாய் பேசுறீங்க?" என்று ராஜு குரலை உயர்த்தினான். தினேஸ்வரி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அப்படிச் சொன்னா அந்தப் புள்ளய நான் கொன்னதா ஆவும் அங்கிள்."

"நீ வேணும்னு செய்வியா? யாரும் அப்படி நெனக்க மாட்டாங்க. தவறிப்போச்சுன்னு நெனப்பாங்க. நீ அவளுக்கு யாரோ. அவன் அவளுக்கு அண்ணன்." பெரியவர் டம்ளரைத் தரையில் வைத்தார். "யாரோ ஒருத்தர் கையால அவ போனான்னா அவன் தாங்கிக்குவான். அவ மொகத்த அவ அம்மாவுக்கு நாங்க காட்டல. காட்ட முடியல. இன்னொன்னையும் குடுத்துட்டு நாங்க எப்படி இருக்கிறது?"

அவர் போனபிறகும் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

"பைத்தியம் புடிச்சிருக்கு அவருக்கு," என்றான் ராஜு. "பாவம்தான். ஆனா நீ அதுக்குச் சிக்காத. பத்து காஜாவுல ஜெயில் எங்கருக்குன்னு தெரியும்ல? அங்க நீ கெடந்தா பாய் வந்து சோறு போடுவாரா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மொகத்த அப்படி வச்சிருக்க?"

ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. வேலை ஏற்கனவே போய்விட்டது. பெயர் ஏற்கனவே கெட்டுவிட்டது. ஊர் தீர்ப்பு எழுதி முடித்த ஒன்றுக்கு ஆமாம் என்று தலையாட்டினால் ஒரு ஆள் பிழைப்பான் என்றால், என்று யோசித்தாள். உடனே இன்னொரு எண்ணமும் வரும்: அந்தத் தையல் இன்னும் பிடிக்கிறது. தீயில் கிடந்தும் பிடிக்கிறது. அதைப் பொய் என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வது?

முஸ்அப்பைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது என்று தோன்றியது. ராஜுவிடம் சொல்லாமல் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே அவன் தாய் ஜொஹரா பீவி உட்கார்ந்திருந்தார். தினேஸ்வரி யார் என்று தெரிந்ததும் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முஸ்அப்பின் இரண்டு கைகளும் வெள்ளைத் துணிச் சுருட்டுகளாகத் தலையணைகள்மேல் கிடந்தன. கழுத்தில் தோல் உரிந்திருந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் அவள் நின்றாள். அவனோ மெதுவாக, "அத்தா உங்ககிட்ட வந்தாங்களா?" என்று கேட்டான்.

"வந்தாங்க."

"என்னா கேட்டிருப்பாங்கன்னு தெரியும்." அவன் கூரையைப் பார்த்தான். "உங்க ஓசு வளையலக்கா. தடிசா இருந்துச்சு. பழைய ரேடியேட்டர் ஓசு ஒன்னு கெடந்துச்சு, அது கச்சிதமாப் போய் உக்காந்துச்சு. ஒரு பக்கம் கிளிப்பு பத்தல. அப்பறம் மாத்திக்கலாம்னு விட்டேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தீயப் பாத்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப எதுக்கு என்னைய..."

"அத்தாவுக்காக." அவன் உதடு கோணியது. "உங்களத் திட்டினா அத்தா அழுகைய நிறுத்துறாரு. புள்ளைக்கு ஒன்னும் தெரியல, தெரியாமயே இருக்கட்டும்னு அவரு நெனக்கிறாரு. நான் திட்டத் திட்ட அவருக்கு நிம்மதி. வேற என்னா நான் அவருக்குக் குடுக்க முடியும்?"

தினேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அதை வைக்க இடம் தெரியவில்லை. மகன் சாகாமல் இருக்கத் தகப்பன் அவள் பெயரைக் கேட்கிறார். தகப்பன் அழாமல் இருக்க மகன் அவள் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறான். நடுவில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொன்னு இருக்குக்கா," என்றான். "கோப்பெங்ல எண்ணெய் போட்டோம். டாங்கி நெறையப் போட்டோம். கெளம்பின கொஞ்ச நேரத்துல, அண்ணே பெட்ரோல் வாட வருதுன்னா. புது டாங்கி அப்படித்தான், கண்ணாடிய எறக்கிக்கன்னு சொன்னேன். எறக்கிக்கிட்டா. மறுபடியும், தலவலிக்குதுண்ணேன்னா. கம்பார் வந்துரும், சும்மா இருன்னு சொன்னேன்." அவன் அழவில்லை. குரல் ஒரே மட்டத்தில் ஓடியது. "நிறுத்திப் பாத்திருக்கலாம். ஓரமா நிறுத்திப் பாத்திருக்கலாம். இத நான் யார்கிட்டயும் சொல்லல."

துடைக்கக்கூட அவனுக்குக் கை இல்லை என்பது, அவன் மூக்கு ஒழுகியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மேசையிலிருந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

"இங்க பாரு," என்றாள். "நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஓச நான் மாட்டலன்னு சொல்வேன். நான் பாத்தது அவ்ளோதான். வாட வந்தது எனக்குத் தெரியாது. நீ எங்கிட்ட ஒன்னும் சொல்லல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் வெளியே வந்தபோது ஜொஹரா பீவி தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

அடுத்த வாரம் தினேஸ்வரி சொன்னபடியே வாக்குமூலம் கொடுத்தாள். அதோடு முடியவில்லை, மரண விசாரணை வைத்தார்கள். அது நடந்தது பல மாதம் கழித்து. அதற்குள் முஸ்அப் வீடு திரும்பியிருந்தான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் இருந்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஓசு யார் மாட்டியது என்பதும் வெளியே தெரிந்துவிட்டது. பட்டறையை ஏசி எழுதியவர்கள் இப்போது அவனை ஏசி எழுதினார்கள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை; பழைய வேலைகளும் திரும்பி வரவில்லை.

விசாரணையன்று அவளிடம் கேட்டதெல்லாம் டாங்கியைப் பற்றித்தான். கொடுத்த ஓசு எது, என்ன சொல்லிக் கொடுத்தாள் என்றார்கள். சொன்னாள். பின்வரிசையில் இப்ராஹிமும் ஜொஹரா பீவியும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தலை குனிந்தபடியே இருந்தது.

பிறகு முஸ்அப்பைக் கூப்பிட்டார்கள். ஓசுவை நான்தான் மாட்டினேன் என்றான். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே, இன்னொன்றும் சொல்லவேண்டும் என்று மலாயில் ஆரம்பித்தான். தங்கைக்கு வாடை வந்ததை, கண்ணாடியை இறக்கச் சொன்னதை, தலை வலிக்கிறது என்று அவள் சொன்னதை, எல்லாவற்றையும் ஒட்டிப்போன விரல்களை வயிற்றோடு வைத்துக்கொண்டு சொன்னான். ஜொஹரா பீவி எழுந்தார். மகனைப் பார்க்காமல், கணவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், நடுவழியில் நடந்து வெளியே போனார்.

தினேஸ்வரி வெளியே வந்தபோது அவர் தாழ்வாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கால் போகவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. ஜொஹரா பீவி, அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நீ அன்னைக்கே ஆமான்னு சொல்லியிருக்கலாம்."

"அம்மா..."

"நீ ஆமான்னு சொல்லியிருந்தா அவன் இப்படி நின்னு சொல்லியிருக்க மாட்டான். எனக்கும் தெரிஞ்சிருக்காது. எம்மவ தலவலிக்குதுன்னு சொன்னது எனக்குத் தெரிஞ்சிருக்காது." அவர் குரல் உடையவில்லை, காய்ந்திருந்தது. "ஒரு புள்ளையாவது எனக்கு மிஞ்சியிருக்கும். இனிமே அவன எப்படி நான் பாக்குறது?"

தினேஸ்வரிக்குச் சொல்ல நிறைய இருந்தது. என் தொழில் போனதே, என் பெயரைத் தெருவில் இழுத்தார்களே, நான் என்ன பாவம் செய்தேன் என்றெல்லாம் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். பெஞ்சியில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். இப்ராஹிம் வந்து மனைவியின் தோளைத் தொட்டு எழுப்பிக்கொண்டு போனார். தினேஸ்வரியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கினார். கொஞ்சம் பின்தங்கி, மழையில் நனைந்துகொண்டு, முஸ்அப் அவர்கள் பின்னால் போனான். காரின் பின்கதவை அவனால் திறக்க முடியவில்லை. தகப்பனார்தான் சுற்றி வந்து திறந்துவிட்டார். தாய் முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தவறி நேர்ந்த மரணம் என்று முடிவு சொன்னார்கள். முஸ்அப் இப்போது தைப்பிங்கில் ஒரு உறவுக்காரர் கடையில் இருக்கிறான். என்ன வேலை பார்க்கிறான் என்று தெரியவில்லை. பெருநாளுக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லையாம். ராஜுவுக்கு யாரோ சொன்னார்கள்.

தினேஸ்வரி பட்டறையை மூடவில்லை. கேட், சன்னல் கம்பி, கோயில் உண்டியல் என்று ஏதோ வந்துகொண்டிருக்கிறது. டாங்கி வேலை மட்டும் வருவதில்லை. வந்தால் செய்வாயா என்று ராஜு ஒருநாள் கேட்டான்.

"வரட்டும், பாக்கலாம்," என்றாள்.

இதுவரை யாரும் வரவில்லை.